"ஒரு கையெழுத்துதானே அண்ணே"

போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டான். சின்ன வயதிலிருந்து சபையில் பார்க்கிற பையன், இப்போதுதான் வேலையில் நிரந்தரமாகியிருக்கிறான். கூட வேலை பார்க்கிறவர் லோன் போடுகிறாராம், ஜாமீன் கையெழுத்து கேட்கிறாராம். நல்ல விசுவாசி, ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர், போடலாமா அண்ணே என்றான். போடாதே என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள்னுதானே வேதம் சொல்லுது" என்றான். வெயிலில் நின்று பேசி முடிக்கிற விஷயமா அது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. அப்பா தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியார். 1997-ல் பாடகர் குழுவில் அவரோடு சேர்ந்து பாடுகிற இன்னொரு வாத்தியார் கடன் சங்கத்தில் 60,000 ரூபாய் வாங்கினார், அப்பா ஜாமீன். "ஒரு கையெழுத்துதான அண்ணாச்சி, நம்ம சபைக்காரங்களுக்குள்ள இதுகூட இல்லேன்னா எப்படி" என்று அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். ஏழெட்டு மாதம் ஒழுங்காகக் கட்டினார். அப்புறம் சம்பளமில்லா விடுப்பு போட்டார், தவணை நின்றது, அடுத்த மாதத்திலிருந்து அப்பா சம்பளத்தில் 1,350 ரூபாய் பிடித்தம். கிட்டத்தட்ட நான்கு வருடம். அக்காவின் ஹாஸ்டல் ஃபீஸுக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. கடன் வாங்கியவர் ஒரு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பி, பாடகர் குழுவில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்று பாடினார். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சபையில் பிரிவினை வரும் என்று பயந்தார்.

இதில் என்னை இன்றுவரை குடைகிற விஷயம் ஒன்று உண்டு. அப்பா வேதத்திலுள்ள நீதிமொழிகள் புத்தகத்தைத் தேதிக்கு ஒரு அதிகாரமாக வாசிக்கிறவர். அதில் 31 அதிகாரம் இருக்கிறது, நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் வாசிக்கிறோம். பிணைப்படாதே, அதாவது அடுத்தவன் கடனுக்கு ஜாமீன் நிற்காதே என்ற எச்சரிக்கை அந்தப் புத்தகத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். 6-ம் அதிகாரம், 11, 17, 20, 22, 27. அப்படியென்றால் மாதத்துக்கு ஆறு நாள் அப்பா அந்த எச்சரிக்கையைச் சத்தமாக வாசித்திருக்கிறார்! ஆறாம் தேதி, பதினொன்றாம் தேதி, பதினேழாம் தேதி... வாசித்துவிட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். வாசிக்கிறது தன் பேனாவைப் பற்றித்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? 'பிணைப்படுதல்', 'கையடித்துக்கொடுத்தல்' என்பதெல்லாம் ஏதோ பழைய காலத்து யூதர் வழக்கம் என்றுதான் நம் காதில் விழுகிறது. அன்றைக்குக் கையில் கை அடித்து வாக்குக் கொடுத்தார்கள், இன்றைக்கு அந்த இடத்தில் கையெழுத்து. பிணை என்றால் ஜாமீன், அவ்வளவுதான். நானும் பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறேன், இந்த வசனங்களில் ஒன்றை வைத்து ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. தசமபாகம் கொண்டுவரச் சொல்கிற மல்கியா 3:10 எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ண முடியாது.

நீதிமொழிகள் 22:26, 27-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே, செலுத்த உன்னிடம் ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்களே என்கிறது. கட்டாத கடன் ஜாமீன் போட்டவன் தலையில் விழும் என்பது நம் நாட்டுச் சட்டமும்கூட. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. "முதல்ல அவர்கிட்ட கேளுங்க, அவர் வீட்டை ஜப்தி பண்ணுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க" என்று பேங்க்கில் சொல்லிப் பார்க்கலாம், அவர்கள் கேட்க வேண்டிய அவசியமில்லை. யாரிடமிருந்து சுலபமாக வாங்க முடியுமோ அவரிடம்தான் முதலில் வருவார்கள். மாதச் சம்பளக்காரன்தான் சுலபம். இப்போது நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்கிற சிபில் வேறு இருக்கிறது, நீங்கள் ஜாமீன் போட்ட கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும் ஏறும், அவர் கட்டாமல் விட்டால் நாளைக்கு உங்கள் வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் வந்து நிற்கும். கட்டி முடித்த பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து வசூலிக்கச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை உண்டுதான். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து திருவிருந்து எடுக்கிறவர்மேல் யார் கேஸ் போடப்போகிறார்கள்?

இது சம்பளக்காரர்கள் விஷயம் மட்டும் இல்லை. நம் ஊரில் பெண்கள் வாங்குகிற குழுக் கடன் பலவும் இதேதான், பெயர்தான் வேறு. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், கட்டும்வரை வசூலுக்கு வந்தவர் எழுந்திருக்க மாட்டார். கையெழுத்துப் போடும்போது அந்த அக்காமாரில் எத்தனை பேருக்கு, தான் வாங்குகிற கடனோடு மற்றவர்கள் கடனுக்கும் சேர்த்துப் போடுகிறோம் என்று தெரியும்?

சரி, தம்பி சொன்ன வசனத்துக்கு வருகிறேன். கலாத்தியர் 6:2-ல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லியிருக்கிறது, உண்மை. மூன்று வசனம் தள்ளி, 6:5-ல் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு, சாவு வீட்டுச் செலவு, வேலை போன வீட்டில் அரிசி, இதெல்லாம் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரம். புது வண்டி ஆசை அப்படி இல்லை.

இன்னொரு கேள்வியும் வரும், அது உண்மையிலேயே நல்ல கேள்வி. எபிரெயர் 7:22 இயேசுவையே பிணையாளி என்று சொல்கிறதே, அப்படியிருக்க நாம் பிணைப்படக் கூடாதா? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது பிலேமோனுக்கு எழுதின நிருபத்தில். பிலேமோனிடமிருந்து ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காகப் பவுல் என்ன எழுதுகிறார்? அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் சொந்தக் கையால் எழுதுகிறார். அவன் கட்டிவிடுவான், நான் சும்மா ஒரு கையெழுத்துக்கு இருக்கிறேன் என்று எழுதவில்லை. கட்டப்போவது தான்தான் என்று தெரிந்தே எழுதுகிறார். ஆண்டவரும் அப்படித்தான், நாம் கட்டிவிடுவோம் என்று நம்பி அவர் பிணைப்படவில்லை. அவரே கட்டி முடித்தார்.

அதனால் என் வழி இதுதான். யாராவது ஜாமீன் கேட்டால், இந்த முழுத் தொகையையும் நாளைக்கு நானே கட்ட வேண்டி வந்தால் கட்ட முடியுமா, கட்டிவிட்டு அந்த மனிதரை அன்போடு பார்க்க முடியுமா என்று உட்கார்ந்து யோசிப்பேன். இரண்டில் எதற்கு முடியாது என்றாலும் கையெழுத்துக் கிடையாது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14-ல் ஆண்டவர் கேட்கிறார் இல்லையா? அது சீஷனாவதற்கான விலையைப் பற்றிய உவமைதான், ஆனால் கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று நினைக்கிறவர்கள் அந்த இடத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் சித்தப்பா மகன் கடை வைக்க நான்கு லட்சத்துக்கு ஜாமீன் கேட்டான். முடியாது என்றேன். 25,000 ரூபாயைக் கையில் கொடுத்து, இது கடன் இல்லை, திருப்பித் தரவேண்டாம் என்றேன். இரண்டு வருடம் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை, சித்தி இன்னும் கொஞ்சம் வருத்தத்தில்தான் இருக்கிறார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை வைத்து அவன் கடைக்குத் துணிய எனக்கு உரிமை இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வது எனக்கு எப்போதும் பயம் தருகிற வசனம்.

சபையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். புது வருட ஆராதனையில், அந்த வருடத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். உபாகமம் 28:12, "நீயோ கடன் வாங்காதிருப்பாய்" என்று வந்துவிட்டால் சந்தோஷமாக ஃப்ரேம் போட்டு மாட்டுகிறோம். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் அஞ்சு வட்டிக்கு வாங்கிய கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, அது சபையில் யாருக்கும் தெரியாது. அஞ்சு வட்டி என்றால் வருடத்துக்கு நூற்றுக்கு அறுபது. நெகேமியா 5-ல் சொந்தச் சகோதரரிடம் நூற்றுக்கு ஒன்று வீதம் வட்டி தண்டினதற்கே நெகேமியா பெரிய சபையைக் கூட்டி, எல்லாரையும் எதிரே நிறுத்தி, திருப்பிக் கொடுங்கள் என்று கடிந்துகொள்கிறார். நம் சபைகளில் வட்டிக்கு விடுகிறவர்கள் கமிட்டியில் இருக்கிறார்கள், அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, அரிசி மூட்டை அவர்கள் உபயம். நெகேமியா மாதிரி கேட்க ஒரு குருவானவருக்குத் தைரியம் வந்தால் எத்தனை குடும்பம் பிழைக்கும்!

தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். உன் நண்பர் வந்து கேட்டால், அண்ணன் வேண்டாம் என்றார் என்று என் பெயரையே சொல்லிக்கொள், அந்த வருத்தம் எனக்கு இருக்கட்டும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு நீதிமொழிகள் 6:3-5 இருக்கிறது. கண்ணுக்கு நித்திரை வரவிடாமல் உடனே எழுந்து போய், தாழ்த்திக் கேட்டு, குருவி வேடன் கைக்குத் தப்புவதுபோல் தப்பித்துக்கொள் என்கிறது. இன்றைய நடைமுறையில் அதன் அர்த்தம், நாளைக்கே பேங்க்குக்குப் போய் அந்தக் கடனில் பாக்கி எவ்வளவு, எத்தனை தவணை தவறியிருக்கிறது என்று எழுத்தில் வாங்குவது. உங்களுக்குப் பதில் வேறு ஜாமீன்தாரரையோ நகையையோ வைக்கச் சொல்லி நண்பரிடம் நேரில் கேட்பது. பேங்க் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால்தான் விடுதலை, வாய்வார்த்தை செல்லாது. நான் கணக்கு வேலை பார்க்கிறவன். கடிதம் எப்படி எழுதுவது, எந்தெந்தக் காகிதம் கேட்பது என்று தெரியாதவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.