தாஜ்மஹாலுக்கு முல்தானி மட்டி

போன வாரம் சமையல் மேடையில் எலுமிச்சம்பழச் சாறு சிந்தியதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வெள்ளை மார்பிள். காலையில் துடைத்தபோது சாறோடு அந்த இடத்துப் பளபளப்பும் போயிருந்தது. தேய்த்துப் பார்த்தேன், வரவில்லை. வரவும் வராது. அது அழுக்கு இல்லை, கல்லே கரைந்த தடம்.

தாஜ்மஹால் மஞ்சளாகிறது என்று செய்தி வந்தால் கூடவே ஒரு படமும் வரும்: சாரத்தில் நின்று மினாருக்கு முல்தானி மட்டி பூசும் ஆட்கள். நாம் முகத்துக்குப் போடும் அதே மண். காய்ந்ததும் கழுவினால் அழுக்கை இழுத்துக்கொண்டு வரும். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் போய் 'பழைய பொலிவு திரும்பிவிட்டது' என்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்த தாஜின் பளிங்கும் என் மேடைக் கல்லைப் போல அமிலத்தில் கரையும் கால்சியம் கார்பனேட்தான். நிலக்கரி எரிந்து வரும் கந்தக டைஆக்சைடு ஈரக் காற்றில் அமிலமாகி, பளிங்கின் மேற்பரப்பை ஜிப்சமாக்கிவிடும். மழை படும் இடத்தில் ஜிப்சம் கரைந்து ஓடும். மழை படாத இடுக்கில் கரியைப் பிடித்துக்கொண்டு கறுத்துப் பொருக்காகும், அப்புறம் உதிரும். (நம் ஊர்க் கருங்கல் கோயில்களை இந்த அமிலம் அவ்வளவு சீக்கிரம் அசைக்காது. கல்லின் புண்ணியம்.)

ஆலைப் புகையிலிருந்து தாஜைக் காக்கச் சொல்லி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வழக்குப் போட்டது 1984-இல். தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 30-இல். தாஜைச் சுற்றி 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பில், கரி எரித்த 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சரி, இடையில் போன 12 வருடங்களில் கரைந்ததை எந்த மண் திருப்பித் தரும்?

இப்போதைய மஞ்சளின் கதை வேறு. ஐஐடி கான்பூரும் சேர்ந்த ஒரு குழு 2011–12-இல் தாஜ் வளாகக் காற்றை வடிகட்டிப் பார்த்தது. கிடைத்தவை புழுதி, கரி, அப்புறம் குப்பையும் விறகும் சாணமும் எரிவதால் வரும் பழுப்புக் கார்பன். இந்தப் பழுப்பு நீல ஒளியை விழுங்கிவிடுவதால் வெள்ளைக் கல் மஞ்சளாகத் தெரிகிறது. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிக்காரரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். தெருமுனையில் குப்பைக்குத் தீ வைப்பவரை? குப்பை வண்டி வராத தெருவில் அவர்தான் வேறென்ன செய்வார்?

மட்டி பூசும் செலவில் ஒரு பங்கை எடுத்து ஆக்ராவின் சந்துகளுக்குத் தினமும் குப்பை வண்டி விடட்டும். அடுத்த பூச்சாவது கொஞ்சம் தள்ளிப் போகும்.