கிங் கவுன்ட்டி: வீட்டோ முடிவான சொல் அல்ல

கவுன்ட்டி (அமெரிக்காவில் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நிர்வாகத் தலைவர் வீட்டோ செய்தால், அதாவது ஏற்க மறுத்துத் திருப்பினால், சட்டம் அத்தோடு செத்துவிடும், சட்டம் இயற்றும் அவையான கவுன்சிலால் எதுவும் செய்ய முடியாது என்று ஒரு கருத்து இருக்கிறது, பலரும் பகிர்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுன்ட்டியைப் பொறுத்தவரை அது சரியல்ல, நண்பரே.

கவுன்சிலில் 9 உறுப்பினர்கள். நிர்வாகத் தலைவரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் கவுன்சில் உறுப்பினர் அல்ல. நிறைவேறிய சட்டம் கைக்கு வந்ததும் அவருக்கு 10 நாள் அவகாசம். கையெழுத்திடலாம், அல்லது காரணத்தை எழுத்தில் தந்து வீட்டோ செய்யலாம். திருப்பி அனுப்பாமலே விட்டால் கையெழுத்து இல்லாமலே அது சட்டமாகிவிடும். பலர் தவறவிடும் இடம் இது. வீட்டோ செய்து திருப்பினால், கவுன்சில் 30 நாளுக்குள் குறைந்தது 6 வாக்குகளோடு மறுபடி நிறைவேற்றலாம். கவனியுங்கள்: அன்று வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதாது, 6 பேர் ஆதரித்தே ஆகவேண்டும். 7 பேர் வந்து 5 பேர் ஆதரித்தால் வீட்டோ நிற்கும்.

சரிபார்க்க, கவுன்ட்டி இணையதளத்தில் அதன் சாசனத்தை (கவுன்ட்டியின் அடிப்படைச் சட்டத்தை) திறந்து 230.20 பிரிவைப் படியுங்கள். ஒரு பக்கம்கூட வராது. குறிப்பிட்ட சட்டம் என்றால், அதன் எண்ணைக் கவுன்சிலின் சட்டப் பதிவுத் தேடலில் இட்டு வாக்கு விவரத்தைப் பாருங்கள்.