மறுபிறவியை பைபிளிலிருந்து நைசியா சங்கம் நீக்கியதா?

"ஆதி பைபிளில் மறுபிறவி இருந்தது. கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் மன்னர் நைசியா சங்கத்தைக் கூட்டி அதை நீக்கிவிட்டு, நித்திய ஜீவனைப் புகுத்தினார்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

நைசியா சங்கம் என்பது திருச்சபை ஆயர்கள் கூடிய மாநாடு. அங்கே விவாதிக்கப்பட்டவை, தேவகுமாரன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுஸின் போதனை, பாஸ்கா பண்டிகையின் தேதி, சபை ஒழுங்கு போன்றவை. அது வகுத்த 20 விதிகளில் மறுபிறவி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சுவடிகளே வலுவான சாட்சி. பவுலின் நிருபங்கள் அடங்கிய ஒரு பாப்பிரஸ் சுவடி ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்தது, அதன் ஏடுகள் இன்று டப்ளினிலும் மிச்சிகனிலும் உள்ளன. மனிதர் ஒரே தரம் மரித்து, பின்பு நியாயத்தீர்ப்பு அடைவர் என்னும் எபிரெயர் 9:27 அதிலும் இருக்கிறது. கி.பி. 180 வாக்கிலேயே ஐரேனியுஸ் என்ற ஆயர் மறுபிறவிக் கொள்கையை மறுத்து எழுதிவிட்டார்.

சிலர் 553ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தைக் காட்டுவார்கள். அங்கே, மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞரான ஓரிகனோடு சேர்த்துக் கண்டிக்கப்பட்டது, ஆன்மா பிறப்புக்கு முன்பே இருந்தது என்ற கருத்து. மறுபிறவியையோ ஓரிகனே தம் மத்தேயு விளக்கவுரையில் நிராகரித்திருக்கிறார்.

எந்த மன்னரும் நித்திய ஜீவனைப் புகுத்தவில்லை. "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்" என்கிறது யோவான் 17:3. ஆகவே அது சாவுக்குப் பின் நீளும் காலம் மட்டுமல்ல. கடவுளோடு இன்றே தொடங்கும் உறவு, உயிர்த்தெழுதலில் முழுமை பெறுவது. மறுபிறவியை நம்புவோரின் நம்பிக்கையை மதிக்கலாம். அதற்காக இல்லாத வரலாற்றை உண்டாக்கத் தேவையில்லை.