அவர் பேசியது தமிழ்தான்

வியாழக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். "ஒரு வார்த்தையைத் திருத்தியதற்கா இவ்வளவு கூப்பாடு?" என்று நேற்று ராத்திரி ஒருவர் கேட்டிருந்தார். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான்: "பையனுக்கு அந்த செக்சன் செட் ஆகலை மிஸ், மாத்தி விட முடியுமா?" வந்த பதில்: "செட் ஆகலைன்னு இங்கிலீஷ்லயே கிடையாது. தெரியலைன்னா தமிழ்ல பேசுங்க." முன்வரிசையில் சிரித்தார்கள். பையன் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

அவர் தமிழில்தான் பேசினார். அதைத்தான் சொல்ல வந்தேன். பரோட்டாக் கடையில் ஒரு செட்டு கேட்கிறோம். முளைப்பாரிக்கு மைக்செட் கட்டுகிறோம். அப்பத்தா ராத்திரி பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடுகிறது. கூடப் படித்தவன் "நம்ம செட்டு". புதுச் செருப்பு காலைக் கடித்தால் செட் ஆகலை. இதில் எந்த இடத்தில் யார் இங்கிலீஷ் பேசினார்கள்?

என் அப்பா மேலூர்ப் பக்கம் பம்புசெட் மெக்கானிக். லீவு நாளில் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். ஒருமுறை கிணற்று மேட்டில் மோட்டாருக்குத் தளம் போட்டிருந்தார்கள். அப்பா குத்தவைத்து, போல்ட்டைச் சுற்றியிருந்த சிமெண்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். ரேகை அப்படியே பதிந்தது. "இன்னும் செட் ஆகலை. மோட்டாரை நாளைக்கு ஏத்துவோம். அந்த ஸ்பேனர் செட்டைத் துடைச்சு வை பாப்பா" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒரே மூச்சில் ஒரு சொல்லை இரண்டு பொருளில் சொன்னார், இரண்டும் சரி. சிமெண்டு இறுகுவதற்கு இங்கிலீஷ்காரரும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்.

1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு அகராதியில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் ஏறக்குறைய 430 பொருள் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாடு திருத்தியபோது 'ரன்' 645 பொருளோடு அதை முந்திவிட்டது. அப்புறம், தொகுதி என்ற பொருளில் வரும் 'செட்' இங்கிலீஷின் சொந்தச் சொத்தே கிடையாது. லத்தீனில் 'செக்தா' என்று இருந்தது பிரெஞ்சு வழியாக அங்கே போனது. 'உட்கார வை' என்ற பொருளில் இருந்த அவர்களுடைய பழைய வினையோடு அது கலந்துவிட்டது. கடன் வாங்கிய சொல்லுக்கு அவர்கள் வேண்டிய பொருளையெல்லாம் ஏற்றிக்கொள்ளலாம், மதுரைக்காரர்கள் ஒரு பொருளைக் கூட்டினால் மட்டும் சிரிப்பார்களா?

நம்மிடம் 'வை' இருக்கிறது. கடிகாரத்தில் நேரம் வைக்கிறோம், எலிக்குப் பொறி வைக்கிறோம், சரக்குக்கு விலை வைக்கிறோம், தீ வைக்கிறோம், மோதிரத்தில் கல் வைக்கிறோம். அத்தனைக்கும் இங்கிலீஷில் 'செட்' போதும். அதோடு நிற்கிறோமா? பொங்கல் வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம். ஒரே சொல்லை இத்தனை இடத்தில் சொல்கிறாயே என்று யாரும் யாரையும் நிறுத்தி வைத்துக் கேட்டதில்லை.

"பொருந்தலைன்னு சொல்ல வேண்டியதுதானே" என்று தனித்தமிழ் நண்பர்கள் வருவீர்கள், தெரியும். உங்கள் வீட்டுச் சாவியும் ஜன்னலும் அலமாரியும் போர்த்துக்கீசியம். திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. தமிழ்மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த அக்கா பக்கம் நிற்காமல் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அதுதான் வலிக்கிறது.

"திருத்துவதுதானே டீச்சர் வேலை?" சரி, வகுப்பில் திருத்தட்டும். பரீட்சையில் பையன் தப்பாக எழுதினால் மார்க்கைக் குறைக்கட்டும். வந்தவர் மாணவி இல்லை, ஒரு பிள்ளையின் அம்மா. பிள்ளைக்காகக் கேட்க வந்தார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். நான் காலேஜில் சேர்ந்த அன்றைக்கு அப்பா பணத்தை என் கையில் கொடுத்துவிட்டு கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். "நீயே போய்ப் பேசிட்டு வா பாப்பா. நான் வாயைத் திறந்தா உனக்கு அசிங்கம்." ஒரு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடுகிற மனுசர் அவர். நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வாப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. வெயிலில் ரெண்டு மணி நேரம் நின்றிருந்தார். அவரிடம் அப்படி யார் சொன்னது, எந்த முன்வரிசை சிரித்தது என்று நான் கேட்டதே இல்லை. இனிக் கேட்கவும் ஆள் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு நீ வராதே, அப்பா வரட்டும் என்று பையன் சொல்லிவிட்டானாம்.

அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று மட்டும் சொல்லுங்கள். லீவு போட்டுவிட்டு நானும் உங்களோடு வருகிறேன்.