ஊசியில் வரவில்லை என்றால் முடிந்துவிட்டதா?

"ஊசி பயாப்ஸியில் விந்தணு கிடைக்காவிட்டால் வாய்ப்பே இல்லை" என்று, விந்தில் விந்தணுவே இல்லாத ஆண்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அது சரியில்லை. விரையில் குத்தும் மெல்லிய ஊசி உறிஞ்சி எடுப்பது ஒரு சின்ன இடத்துச் செல்களைத்தான். அடைப்பால் விந்தணு வெளியே வராதவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். உற்பத்தியே குறைந்தவர்களுக்கு விரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஊசி போன இடத்தில் இல்லாதது விரைக்குள்ளேயே பக்கத்து நுண்குழாயில் இருக்கலாம். விரையைத் திறந்து மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடும் மைக்ரோ டெசி என்ற அறுவை சிகிச்சையில் சிலருக்குக் கிடைக்கவும் செய்கிறது.

அப்புறம், குத்துவதற்கு முன்பே ஹார்மோன், ஒய் குரோமோசோம் பரிசோதனைகளைப் பார்த்துவிட வேண்டும். ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப்-ஏ பகுதி முழுவதும் இல்லாதவரை ஊசியாலோ கத்தியாலோ வதைப்பதில் பயனில்லை. கிடைக்கும் விந்தணுவை அன்றைக்கே உறைய வைக்க வசதி இருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மறுபடியும் குத்த வேண்டிவரலாம்.