வெயில் வந்தாலும் பனிச்சரிவு ஆபத்து போகாது

மணாலிக்கு மேலே குளிர்கால நடைப்பயணம் கிளம்பும் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு, "பனி நின்று வெயில் வந்தால் பயமில்லை, சத்தம் போடாமல் நடந்தால் போதும்" என்று அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, இரண்டுமே தவறு. தயவுசெய்து மாற்றி எழுதுங்கள்.

கூச்சலால் பனி சரியாது, பெரும்பாலும் எடையால்தான் சரியும். உயிர் பறித்த சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பியது சிக்கியவரோ அவர் குழுவினரோதான்.

பெரும் பனிப்பொழிவுக்குப் பிந்தைய 24 முதல் 48 மணி நேரம் மிக ஆபத்தானது. காற்றும் அடித்திருந்தால் இன்னும் மோசம். அந்தக் காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி, காற்று படாத மறுபக்கத்தில் பெய்வதைவிடப் பல மடங்கு வேகமாகக் குவிக்கும். வானம் தெளிந்திருக்கும்போதும் இது நடக்கும். குவிந்தது பலகையாக இறுகிவிடும். அடியில் பழைய குருணைப் பனி இருந்தால், உலர்மணலில் சாய்த்துப் பரப்பிய ஆத்தங்குடிக் கல் மாதிரி பிடிப்பே இருக்காது. ஓர் ஆள் மிதித்தாலே மொத்தமாகக் கழன்று வரும். இந்த நிலை வாரக்கணக்கில்கூட நீடிக்கும்.

பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. கைபேசிச் சாய்வுமானியால் அளக்கலாம். நீங்கள் நிற்பது சமதளமானாலும் தலைக்கு மேலுள்ள சரிவையும் பாருங்கள். காலடியில் 'வும்' என்று அமுங்கும் ஓசை வந்தாலோ விரிசல் ஓடினாலோ அப்போதே திரும்பிவிடுங்கள்.

ஒவ்வொருவரிடமும் டிரான்சீவர் (புதைந்தவர் இருக்குமிடம் காட்டும் ரேடியோக் கருவி), துழாவுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பின் சடாரென்று விழும். வெளி உதவி அதற்குள் வந்து சேராது.