வெள்ளிக்கிழமையும் பத்து நகமும்

கொக்குவிலில் ஒரு வீட்டு முற்றம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணி. மாமரத்தின் கீழ் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் தர்சினி; மூன்று கிழமைக்கு முன் தமக்கையின் கலியாணத்துக்காகப் பூட்டிய அக்ரிலிக் செயற்கை நகங்கள் இன்னும் விரலில் இருக்கின்றன. மற்றதில் பெரியம்மா, மடியில் வெற்றிலைத் தட்டம், கையில் பாக்குவெட்டி.

பெரியம்மா: கையை நீட்டு பிள்ளை. ஒரு நொடி அலுவல். பாக்கை விட உது என்ன இறுக்கமே?

தர்சினி: ஐயோ, பாக்குவெட்டியை அங்கால வையுங்கோ!

பெரியம்மா: மோதிர விரலில் பாதி கிளம்பி நிற்கிறது. நெம்பினால் வந்துவிடும்.

தர்சினி: வரும். கூடவே என்ரை சொந்த நகத்தின் மேல்படையும் உரிந்து வரும். நகம் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். அடியிலிருந்து நுனி வரை புதிதாய் வர ஆறு மாதம் எடுக்கும்.

பெரியம்மா: அடியில் வரம்பு கட்டின மாதிரி இடைவெளி தெரிகிறதே, அது வளர்ந்த பங்கோ?

தர்சினி: ஓம். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கால் பார்லருக்குப் போய் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் பாரம் நுனிக்கு ஏறிவிடும், இலேசாய்த் தட்டினாலும் கிளம்பும். நான் போகவில்லை. அவர்கள் கேட்ட காசுக்கு ஒரு கிழமை மீன் வாங்கலாம்.

பெரியம்மா: தட்டினது எங்கே?

தர்சினி: (மெதுவாக) நண்டு.

பெரியம்மா: ஆ?

தர்சினி: போன ஞாயிறு நீங்கள் வைத்த நண்டுக் கறி. காலுக்குள் இருந்த சதையை நகத்தால் தோண்டினேன்.

பெரியம்மா: முருங்கையிலை உருவச் சொன்னால் நகம். தேங்காய் திருவச் சொன்னால் நகம். சட்டி கழுவச் சொன்னால் கையுறை எங்கே என்று கேள்வி. நண்டுக்கு மட்டும் பத்து விரலும் இறங்கியிருக்கிறது! சரி, கொண்ணன்ரை மேசையில் சூப்பர் குளூ கிடக்கிறது. ஒரு சொட்டு விடட்டே?

தர்சினி: விசரே பெரியம்மா? கிளம்பின இடுக்குக்குள் தண்ணீர் போயிருக்கும். அதை மூடி ஒட்டினால் உள்ளே சூடோமோனாஸ் என்ற பக்டீரியா பெருகும். நகம் பச்சையாகிவிடும்.

பெரியம்மா: கிணற்றுக்கட்டில் பிடிக்கிற பாசி மாதிரியோ?

தர்சினி: பார்வைக்கு அப்படித்தான்.

(நகவெட்டியை எடுத்து முதல் நகத்தின் நீளத்தில் வைக்கிறாள்.)

பெரியம்மா: எடி! வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், நகம் வெட்டுகிறாயோ?

தர்சினி: இது நகமில்லை, பிளாஸ்டிக். உங்கள் கட்டுப்பல்லுக்குத் தம்பி முறை.

பெரியம்மா: என்ரை பல்லை ஏன் உதுக்குள் இழுக்கிறாய்?

தர்சினி: உண்மையைத்தான் சொல்கிறேன். கட்டுப்பல்லுக்கு முரசு செய்கிற அக்ரிலிக்கும் இதுவும் ஒரே குடும்பம். 1954-இல் அமெரிக்காவில் பிரெட் ஸ்லாக் என்ற பல் டொக்டரின் நகம் வேலை செய்யும்போது உடைந்து போனது. பல்லுக்கு வைத்திருந்த சாமானால் ஒரு நகம் செய்து பூட்டிக் கொண்டார்.

பெரியம்மா: (நாக்கால் ஒருதரம் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு) சரி, வெட்டு. பல்லுக்கு வெள்ளிக்கிழமை கிடையாது.

(இந்தத் தீர்ப்பு எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தர்சினி நீளத்தை வெட்டி, மேல் மினுக்கத்தை அரத்தால் உரோஞ்சி எடுக்கிறாள். பெரியம்மா உள்ளே போய் ஒரு போத்தலோடு வருகிறார்.)

பெரியம்மா: இந்தா, கியூட்டெக்ஸ் அழிக்கிற தண்ணி. கொக்காவின்ரை பெட்டிக்குள் கிடந்தது.

தர்சினி: உதில் அசெற்றோன் இல்லை என்று போட்டிருக்கிறது. கியூட்டெக்ஸ் போகும், அக்ரிலிக் அசையாது. நான் தனி அசெற்றோன் வாங்கி வைத்திருக்கிறேன். நகத்தைச் சுற்றித் தோலுக்கு வாஸ்லின் பூசிவிடுங்கோ, இல்லையென்றால் காய்ந்து வெடிக்கும். பிறகு பஞ்சை நனைத்து நகத்தில் வைத்து, மேலே அலுமினியத் தாள்.

பெரியம்மா: உதிலும் கரையாவிட்டால்?

தர்சினி: கரையும். பூட்ட முதலே கேட்டனான், நகம் செய்கிற திரவம் எதைல் மெதக்ரிலேற்றா, மெதைல் மெதக்ரிலேற்றா என்று. மெதைல் மலிவு, ஆனால் கல்லு மாதிரி இறுகும், அசெற்றோனுக்கும் இலேசில் மசியாது. எங்காவது கொளுவுப்பட்டால் அது உடையாது, சொந்த நகம்தான் பிய்யும்.

பெரியம்மா: நகத்துக்கே இவ்வளவு விசாரணை. நல்ல பழக்கம். (ஏதோ நினைத்துச் சிரிக்கிறார்.) கையைக் கொண்டு வா.

(பெரியம்மா தாளின் விளிம்பைக் கொழுக்கட்டைக்கு மடிக்கிற மாதிரி மடித்து மடித்து அடைக்கிறார். பத்தும் முடிந்ததும் எழுந்து போய்ச் சாம்பிராணித் தட்டோடு திரும்புகிறார்.)

தர்சினி: அங்கேயே நில்லுங்கோ! கிட்ட வர வேண்டாம்!

பெரியம்மா: என்னடி, பேய் பிடித்தவள் மாதிரி!

தர்சினி: அசெற்றோன் ஆவி மைனஸ் 20 பாகையிலேயே நெருப்புப் பற்றும். காற்றை விடப் பாரமும் கூட, நிலத்தோடு ஊர்ந்து நெருப்பிருக்கிற இடத்துக்குப் போகும். அதற்குத்தானே முற்றத்தில் இருக்கிறேன்.

பெரியம்மா: எவ்வளவு நேரம்?

தர்சினி: அரை மணித்தியாலம்.

பெரியம்மா: நல்லூரில் பூசை ஒரு நிமிடம் பிந்தாது. இந்த வீட்டில் சுவாமி உன்ரை நகத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

(தட்டைத் தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கதிரையைத் தர்சினியின் முழங்காலோடு முட்ட இழுத்துப் போடுகிறார். வெற்றிலைத் தட்டத்தின் அடியிலிருந்து நாலாக மடித்த தாளொன்று வெளியே வருகிறது.)

தர்சினி: அது என்ன?

பெரியம்மா: குறிப்பு. பெடியன் நோர்வேயில். கொக்காவின்ரை அலுவல் முடிந்தது, இனி நீதானே.

தர்சினி: பெரியம்மா, எனக்கு ஒரு கோல் வருகிறது...

பெரியம்மா: வரட்டும். எந்த விரலால் எடுக்கப் போகிறாய்?

(தொலைபேசி அடித்து ஓய்கிறது. தர்சினிக்கு மூக்கு கடிக்கிறது. அதையும் பெரியம்மாதான் சொறிந்துவிட வேண்டியிருக்கிறது. நோர்வேப் பெடியனின் தாய்வழி, தகப்பன்வழி, சீட்டு விளையாடுகிற சித்தப்பா வரை எல்லோரும் மாமரத்தடிக்கு வந்து போகிறார்கள். அரை மணித்தியாலம் முடிகிறது. தாளைக் கழற்றினால் அக்ரிலிக் கூழாகக் குழைந்திருக்கிறது. மரக்குச்சியால் தள்ள வழுக்கிக் கொண்டு வருகிறது. ஒன்பது போய்விட்டது. வலது பெருவிரல் மட்டும் நகரவில்லை.)

தர்சினி: பரவாயில்லை, ஒன்றுதானே. இழுத்துவிடுங்கோ.

பெரியம்மா: சீ, சொந்த நகம் உரிந்து வரும். ஆறு மாதம். ஆர் சொன்னது?

தர்சினி: அது... நான்தான்.

பெரியம்மா: அப்படி வராவிட்டால் என்ன செய்கிறது?

தர்சினி: திரும்ப நனைத்துச் சுற்றி... பத்து நிமிடம்...

(பெரியம்மா புதுப் பஞ்சை வைத்துச் சுற்றி, அந்தப் பெருவிரலை விடாமல் பிடித்துக் கொள்கிறார். மற்றக் கை தட்டத்தின் அடியில் துழாவி இரண்டாவது தாளை எடுக்கிறது.)

பெரியம்மா: இவர் டென்மார்க். தகப்பன் பரியாரியார்.

தர்சினி: பெரியம்மா, அந்தப் பாக்குவெட்டி எங்கே?